ஒரு டிரம்கூட வெளியே போகவில்லை

அக்கா: காலையிலேயே வயித்துவலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்ல நீ?

தம்பி: எனக்கு எதுக்கு வயித்துவலி வரணும்?

அக்கா: நாலு மணிக்கு அந்த ஆய்வாளரம்மா வர்றாங்கடா. உன் தொட்டியப் பாக்க.

தம்பி: வரட்டும். அவங்க வரணும்னுதானே இத்தன நாளா காத்துக் கிடக்கேன். நீ எதுக்கு வேலைய விட்டுட்டு இங்க வந்த?

அக்கா: சாப்பாட்டு மணி அடிச்சுது. வந்தேன். வரக்கூடாதா?

தம்பி: ஒன்பது வருஷத்துல இந்தப் பக்கம் எட்டிப் பாத்தியா நீ? கழிவுத் தண்ணி நாத்தம்னு மூக்கப் பொத்திக்கிட்டு கேட்டோட திரும்பிப் போறவ.

அக்கா: இன்னைக்கு நாத்தமே இல்லையேடா...

தம்பி: நல்லா இருக்கிற தொட்டி நாறாது. மண் வாசன வரும். மழை நின்னதும் வருமே, அந்த மாதிரி.

அக்கா: போன வாரம் நீதானே சொன்ன, வெள்ளையா நுரை கட்டுது, அழுகின முட்டை மாதிரி வீசுதுன்னு? வாசல்ல உக்காந்து தலைல அடிச்சுக்கிட்டியே.

தம்பி: அது போன வாரம்.

அக்கா: ஒரு வாரத்துல சரியாயிடுச்சா?

தம்பி: ஆயிடுச்சு.

அக்கா: எப்படி?

தம்பி: நீ என்ன, அந்தம்மாவுக்கு முன்னாடி ஒத்திகை பாக்க வந்தியா? சாப்பிட்டியா இல்லையா?

அக்கா: பேச்ச மாத்தாத. தொட்டிக்குள்ள இருக்கிற கிருமியெல்லாம் செத்துப் போச்சுன்னு சொன்னவன் நீ. செத்தது எப்படிடா எந்திரிச்சு வரும்?

தம்பி: கிருமின்னு சொல்லாத. என் ஆளுங்க.

அக்கா: ஆமா, உன் ஆளுங்க! உனக்குக் காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சிருந்தா இந்தச் சேத்தோட குடும்பம் நடத்திக்கிட்டு இருக்க மாட்ட.

தம்பி: பொண்டாட்டி சாப்பாடு போடுவா. இதுங்களுக்கு நான் போடறேன். அவ்வளவுதான் வித்தியாசம். தொழிற்சாலை அழுக்கெல்லாம் தின்னுட்டு நல்ல தண்ணிய வெளிய விடுது. எவன் செய்வான் இந்த வேலைய?

அக்கா: சரி. அந்த ஜாடிய எடு. தொட்டித் தண்ணிய மொண்டு, சேறு படியுதான்னு அரை மணி நேரம் வெச்சுப் பாப்பியே, அத எனக்குக் காட்டு.

தம்பி: அதோ இருக்கு பாரு. அடியில சேறு, அதுலதான் என் ஆளுங்க. மேல தெளிஞ்ச தண்ணி. கண்ணாடி மாதிரி.

அக்கா: நல்லாத்தான் இருக்கு...

தம்பி: சொன்னேன்ல.

அக்கா: ரொம்ப நல்லா இருக்கு. அதாண்டா பயமா இருக்கு.

தம்பி: இதுல என்ன பயம்? கேளு. அந்தம்மா வர்றாங்க. இந்த ஜாடியப் பாக்கறாங்க. கண்ணாடிக்குப் போடற புதுப் பூச்சால தண்ணிக்கு ஒரு கெடுதலும் இல்லன்னு கையெழுத்துப் போடறாங்க. ஒண்ணாந்தேதி பழைய லைனுக்குப் பூட்டு. உங்க சுரண்டுற ரூமுக்கும் பூட்டு. நீ வெளிய வந்துடுவ. அவ்வளவுதான் கணக்கு.

அக்கா: போடலேன்னா?

தம்பி: போடாம என்ன?

அக்கா: போடலேன்னா என்னடா ஆகும்? சொல்லு.

தம்பி: ...புது லைன நிறுத்துவாங்க. பழசையே ரெண்டு ஷிப்டும் ஓட்டுவாங்க. நீ அந்த இண்டியம் உலோகத் தூளுக்குள்ளயே உக்காந்து, பழைய பூச்சு ஒட்டின தகடு சுரண்டுவ. நாலு வருஷம் கழிச்சு மாமா மாதிரி மூக்குல குழாய் சொருகிக்கிட்டு, மூணு படி ஏறிட்டு உக்காருவ. போதுமா? வாயால சொல்ல வெச்சுட்ட.

அக்கா: அவரு நேத்து ராத்திரி ரெண்டாவது படியிலயே உக்காந்துட்டாரு.

தம்பி: பாத்தியா...

அக்கா: போன்ல விரல் வெச்சுத் தேச்சா வேலை செய்யுதுல்ல, அதுக்காகத்தான் அவரு நுரையீரலத் தேச்சுட்டாங்கன்னு சொல்லுவாரு. சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு.

தம்பி: போன் கண்ணாடி மேல ஒரு பூச்சு. கண்ணுக்கே தெரியாது. கரண்டு ஓடணும், வெளிச்சமும் போகணும். அதுக்கு முன்ன இண்டியம். மனுசன் நெஞ்சுல போய் உக்காந்துச்சு. இப்ப வெள்ளி. தலைமுடிய ஆயிரமா கிழிச்சா எவ்வளவு மெல்லிசு இருக்கும், அந்த மாதிரி வெள்ளிக் கம்பி, மைல கலந்து பூசறான். தூள் இல்ல, சுரண்டல் இல்ல. இருமலும் இல்ல.

அக்கா: மனுசனுக்கு.

தம்பி: மனுசனுக்குத்தான். வேற யாருக்கு?

அக்கா: உன் ஆளுங்களுக்கு?

தம்பி: வெள்ளி பட்டா கிருமி சாகும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். காயத்துக்குத் தடவற மருந்துலயே அதப் போடறாங்க. காயத்துல கிருமி செத்தா நல்லது. என் தொட்டில செத்தா...

அக்கா: அப்ப சாகுது.

தம்பி: கண்ணாடி கழுவுற தண்ணில கொஞ்சம் வரும். அதுக்கு என் ஆளுங்க தாங்கும்னு நெனச்சேன். முதல் ரெண்டு மாசம் தாங்குச்சு. அப்பறம்தான் எவனோ... எவனோ உள்ள இருந்து மையையே ஊத்தறான்க்கா. சத்தியமா சொல்றேன். ஷிப்டு முடியற நேரத்துக்குச் சரியா வருது. தண்ணி சாம்பல் கலந்த மாதிரி வரும். அடுத்த நாள் என் ஆளுங்க கூண்டோட செத்துக் கிடக்கும்.

அக்கா: கழுவுற தண்ணியே அப்படி வரலாம்ல...

தம்பி: போக்கா. எனக்குத் தெரியாதா? அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், அந்த வாளிய அவன் தலையிலயே கவுத்துவேன்.

அக்கா: அவனும் யாராவது சொல்லித்தான் ஊத்தறானோ என்னமோ.

தம்பி: யாரு சொல்லுவா?

அக்கா: உங்க பூஜ்யம்தான். வேற யாரு?

தம்பி: சூப்பர்வைசரா? இருக்கும். அந்தாளுக்கு எல்லாமே ஸீரோ. ஸீரோ விபத்து, ஸீரோ லீவு. பேர மறந்து எல்லாரும் பூஜ்யம்னே கூப்பிடறாங்க, அதுக்கும் சந்தோஷப்படறாரு.

அக்கா: ஆபீஸ் வாசல்ல போர்டு மாட்டியிருக்காரு, பாத்தியா? பழைய லைன்லருந்து மாசம் பன்னெண்டு டிரம் விஷக் கழிவு வெளிய போச்சு. புது லைன்லருந்து ஒரு டிரம்கூடப் போகல. பச்சைக் கலர்ல எழுதி, இலை படம் போட்டு.

தம்பி: இலை வேறயா!

அக்கா: மிஞ்சின மைய டிரம்ல புடிச்சு வெச்சா டிரம் கணக்கு வந்துடும். போர்டு கெட்டுப் போகும். அதனால...

தம்பி: அதனால என் தலையில ஊத்தறான். அட படுபாவி. இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது? நீ இருக்கிறது பழைய லைன்ல.

அக்கா: ...பேசிக்கறாங்க. மூணாம் நம்பர் கேட்டுல.

தம்பி: ம்.

அக்கா: இப்ப நீ சொல்லு. இந்தச் சேறு எங்கருந்து வந்துச்சு?

தம்பி: எங்கருந்தும் வரல.

அக்கா: அந்த வேப்பமரத்துக்குப் பின்னாடி தார்ப்பாய் போட்டு என்னத்த மூடி வெச்சிருக்க? நான் வர்றப்பவே பாத்தேன். நீலக் கேன். நாப்பது இருக்கும்.

தம்பி: தண்ணிக் கேன்.

அக்கா: தண்ணிக் கேன்ல சேறு வழியுமா?

தம்பி: கத்தாதக்கா.

அக்கா: டேய்...

தம்பி: ஊர் சாக்கடைத் தண்ணி சுத்தம் பண்ற இடம் இருக்குல்ல, பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்க பம்பு ஓட்டுறவன் நம்ம ஆளு. உயிரோட இருக்கிற சேறு அவன்கிட்ட வேண்டிய மட்டும் கிடக்கு. வாரம் ஒரு டெம்போ. கொண்டாந்து ஊத்துவேன். ரெண்டு நாள் நல்லா இருக்கும். அப்பறம் செத்துடும். மறுபடியும் போவேன்.

அக்கா: எத்தன வாரமா?

தம்பி: பத்து... பதினொண்ணு.

அக்கா: முதுகுல பட்டை போட்டுக்கிட்டுத் திரிஞ்சியே, சுளுக்குன்னு சொன்னியே, அது இதுதானா?

தம்பி: சும்மா ஒரு சுளுக்கு.

அக்கா: யாருக்காகடா இதெல்லாம்?

தம்பி: எனக்கு இன்னொரு அக்கா இருக்காளா? உன்னைய அந்த ரூமுக்கு வேலைக்குச் சேத்துவிட்டது யாரு? நான்தானே. மாமா படுத்துட்டாரு, அவரு இடத்த அக்காவுக்குக் குடுங்கன்னு போய் நின்னது யாரு? சேத்துவிட்டவன்தான் வெளிய எடுக்கணும். ஏன்க்கா அழற? இருமல் கொஞ்சம் கொறஞ்சிருக்கேன்னு நானே சந்தோஷமா இருக்கேன்.

அக்கா: அழல. கண்ணுல ஏதோ... இங்கருந்து தண்ணி எங்க போகுது?

தம்பி: பின்னாடி கால்வாய்க்கு. அங்கருந்து ஆத்துக்கு.

அக்கா: செத்த தொட்டித் தண்ணியா?

தம்பி: கேக்காத. முன்னெல்லாம் சாயந்திரமானா தவளை கத்தறதுல பக்கத்துல இருக்கிறவன் பேசறது கேக்காது. இப்ப என் மூச்சு எனக்கே கேக்குது. போதுமா? நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு பக்கம் தவளை, ஒரு பக்கம் நீ. நான் என்ன பண்ண?

அக்கா: வீட்டுக்குப் போடா. இப்பவே. வேற ஆளு நிக்கட்டும். மாட்டினா தொட்டிக்குப் பொறுப்பு நீதான்னு உன் தலையில கட்டிடுவாங்க.

தம்பி: இந்த ஜாடி இருக்கிற வரைக்கும் எவனும்...

ஆய்வாளர்: வணக்கம். கழிவுத் தண்ணித் தொட்டி இதுதானே?

தம்பி: ...மேடம். நாலு மணின்னு சொன்னாங்க.

ஆய்வாளர்: நாலு மணிக்கு வந்தா நாலு மணிக்குத் தயாரா இருக்கிறதத்தான் பாக்க முடியும்.

தம்பி: சூப்பர்வைசர் கூட வரலீங்களா?

ஆய்வாளர்: பழைய பேப்பரெல்லாம் எடுத்து வைங்கன்னு உக்கார வெச்சுட்டு வந்தேன். அவரு பக்கத்துல நின்னா நீங்க அவரு பேசறதத்தான் பேசுவீங்க. இவங்க யாரு?

அக்கா: இவனோட அக்கா மேடம். சாப்பாடு குடுக்க வந்தேன்.

ஆய்வாளர்: டப்பாவையே காணோமே?

அக்கா: ...சாப்பிட்டானான்னு கேக்க வந்தேன்.

ஆய்வாளர்: சரி. ஜாடி எப்ப வெச்சீங்க?

தம்பி: அரை மணி ஆச்சு மேடம். நல்லா படிஞ்சிருக்கு பாருங்க.

ஆய்வாளர்: ஆமா. படிஞ்சிருக்கு. கலர் நல்லா இருக்கு... இது என்ன, மஞ்சளா, தட்டையா?

தம்பி: எது?

ஆய்வாளர்: இங்க. இன்னொண்ணு இங்க. இதுல ஒண்ணு முளைவிட்டிருக்கு. தக்காளி விதை.

தம்பி: ...கேன்டீன் தண்ணி வரும் மேடம்.

ஆய்வாளர்: கேன்டீன் தண்ணி ஊர் சாக்கடைக்குத் தனிக் குழாய்ல போகுதுன்னு வரைபடத்துல போட்டிருக்கு.

தம்பி: மழை பெஞ்சா கலந்துக்கும்.

ஆய்வாளர்: மழை பெஞ்சு எத்தன நாள் ஆச்சு? முடியும் இருக்கு. நீளமா.

தம்பி: என் முடிதான். குனிஞ்சு வேலை பாக்கறப்ப...

ஆய்வாளர்: தொப்பியக் கழட்டுங்க.

தம்பி: தலைல முன்ன முடி இருந்துச்சு மேடம்.

ஆய்வாளர்: மாட்டிக்கங்க, வெயில் அடிக்குது. கண்ணாடிக்குப் பூச்சுப் போடற இடத்துத் தொட்டில தக்காளி விதையும் பொம்பள முடியும் வராது. ஊர்க் கழிவுலதான் வரும். வடிகட்டாமயே கொண்டாந்து ஊத்தியிருக்கீங்க.

தம்பி: வடிகட்டினா பாதி உயிர் போயிடும் மேடம்.

அக்கா: டேய்!

தம்பி: விடுக்கா. சொல்லியாச்சு.

ஆய்வாளர்: எதுக்கு செஞ்சீங்க? யாராவது செய்யச் சொன்னாங்களா?

தம்பி: ஒருத்தனும் சொல்லல. என் புத்தி, என் முதுகு. நீங்க கையெழுத்துப் போடணும், அந்தச் சுரண்டுற ரூம மூடணும். அதுக்குத்தான். உள்ள போய்ப் பாத்தீங்களா நீங்க?

ஆய்வாளர்: கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தேன்.

தம்பி: வெளிய நின்னு பாத்தா சுத்தமாத்தான் தெரியும். பத்து பொம்பளைங்க. இதோ நிக்கறாளே எங்கக்கா, அவளும் அதுல ஒருத்தி. அவ வீட்டுக்காரரு அங்கதான் நெஞ்சக் குடுத்துட்டு வந்தாரு. நீங்க இந்த ஜாடியப் பத்தி எழுதினா அந்த ரூம் மூடாது. எழுதாதீங்க மேடம். என்னைய வேலைய விட்டுத் தூக்கட்டும். அத வேணா எழுதுங்க.

ஆய்வாளர்: ஆத்துல போறது?

தம்பி: ஆத்துக்கு நெஞ்சு இருக்கா? எனக்குத் தெரியாது. எங்கக்காவுக்கு இருக்கு.

ஆய்வாளர்: கோவப்படாம கேளுங்க. நான் எழுதித்தான் ஆகணும். என்ன எழுதறதுங்கிறதுதான் இப்ப கேள்வி.

தம்பி: உங்க கேள்வியெல்லாம் பேப்பர்ல நல்லாத்தான் இருக்கும்.

ஆய்வாளர்: காலையில புது லைன்ல கண்ணாடி கழுவுற தண்ணிய நானே புடிச்சேன். கையோட கொண்டு வந்த கருவில பாத்தேன். அதுல வர்ற வெள்ளி ரொம்பக் கம்மி. அதுக்கு ஒரு தொட்டி, சேறு கொண்டாந்து ஊத்தற அளவுக்குச் சாகாது.

தம்பி: அதத்தானே நான் சொல்லிச் சொல்லி...

ஆய்வாளர்: இருங்க. மையையே யாரோ கொட்டறாங்க. கொட்டறாங்கன்னு எனக்குத் தோணுது. தோணுறத எழுத முடியாது. உங்க சூப்பர்வைசர் ஒரு சொட்டு மிஞ்சறதில்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. அந்தப் பேப்பர நம்பினா நான் எழுத வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். சாதாரணமா கழுவுற தண்ணியே தொட்டியக் கொல்லுது, இந்தப் பூச்சு ஆகாது.

தம்பி: எழுதினா பழைய லைன்.

ஆய்வாளர்: ஆமா. பழைய லைன்.

தம்பி: கொட்டறதுதான்னு தெரிஞ்சா?

ஆய்வாளர்: அப்ப பூச்சு மேல தப்பு இல்ல. கொட்டினவங்க மேல தப்பு. மிஞ்சற மைய டிரம்ல புடிங்க, வெள்ளியப் பிரிச்சு எடுக்கறவங்ககிட்ட அனுப்புங்க, தொட்டிய மூணு மாசம் கழிச்சு வந்து பாப்பேன்னு எழுதலாம். பழைய லைன் மூடறதுக்கு அது தடையா இருக்காது.

தம்பி: அப்ப அப்படியே எழுதுங்க!

ஆய்வாளர்: கொட்டினவங்க என் முன்னாடி வந்து நின்னு சொன்னா எழுதுவேன். புது லைன்ல இருக்கிற ஆறு பேரையும் தனித்தனியா கேக்கப் போனேன். அஞ்சு பேரு தெரியாதுன்னுட்டாங்க. ஆறாவது ஆளு சாப்பிடப் போயிருக்காங்கன்னாங்க.

தம்பி: புடிங்க மேடம் அந்த ஆறாவது ஆள. அவனாத்தான் இருக்கும். யாரு மேடம் அவன்? பேரச் சொல்லுங்க, நானே போய்க் கழுத்தப் புடிச்சு இழுத்துட்டு வரேன்.

ஆய்வாளர்: அவன் இல்ல. பட்டியல்ல பொம்பள பேருதான் இருந்துச்சு.

தம்பி: எவளாயிருந்தா என்ன? பத்து பேரு நெஞ்சு அவ வாயில இருக்கு... அக்கா, உனக்குத்தான் மூணாம் நம்பர் கேட்டுல எல்லாரையும் தெரியுமே. யாருக்கா அவ? ...அக்கா? எதுக்கு இப்படிப் பாக்கற?

அக்கா: அவன நிறுத்தச் சொல்லுங்க மேடம், நான் சொல்லிடறேன். மூணு மாசமா நான் சுரண்டுற ரூம்ல இல்ல. பூஜ்யம் என்னைய புது லைனுக்கு மாத்துனாரு. ஷிப்டுக்கு ரெண்டு வாளி மை மிஞ்சும், கண்ணாடி கழுவுற கடைசி தொட்டில ஊத்தி தண்ணியத் தொறந்து விட்டுடணும், வெளிய மூச்சு விட்டா மறுபடியும் அந்த ரூம்தான்னு சொன்னாரு. நானும் ஊத்தினேன், மூச்சு விடல. என் இடத்துல புதுசா ஒருத்தி உக்காந்து சுரண்டறா, அவளுக்கு இப்பவே இருமல். டேய், நீ எனக்காகத்தான் வாரா வாரம் சேறு தூக்கினன்னு எனக்குத் தெரியாதுடா. ஆனா உன் ஆளுங்கள யாரோ கொல்றான்னு நீ வாசல்ல உக்காந்து அடிச்சுக்கிட்டியே, அப்ப சாப்பாடு போட்டுக்கிட்டு உள்ள நின்னேன். அப்பவே எனக்குத் தெரியும்.